பாவாயிக்குக் கரடு கொண்டுபோன வண்டி

எங்கள் பக்கத்தில் பத்து டன்னுக்கு மேற்பட்ட எதையும் ஸ்டேஷன் வேகனில்தான் ஏற்றுவார்கள். லாரி அதற்கு ஆகாது. லாரிக்குத் தன்னால் எவ்வளவு முடியும் என்று தெரியும். காலி எடை இவ்வளவு, ஏற்றும் எடை இவ்வளவு என்று அதன் விலாவிலேயே பெயிண்டில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அதைப் படித்துப் படித்தே வளர்ந்த வண்டி ஒரு மூட்டை கூடினாலும் முனகும். குடும்பக் காரில் அப்படி யாரும் எதையும் எழுதுவதில்லை. ஐந்து பேர், இரண்டு பெட்டி, ஒரு தண்ணீர் ஜக்கு என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். என்ன கொண்டுபோகிறோம் என்று தெரியாதவரை அது எதையும் கொண்டுபோகும்.

என் வண்டி க்ரீம் நிறம். பதினான்கு வருடமாக இந்தத் தொழில். சர்க்கரை ஆலைக் கொதிகலன் ஒன்று, தேர் மூன்று, ஒரு ஆற்றுப் பாலம் எல்லாம் இந்த வண்டியில் போயிருக்கின்றன. பாலத்துக்கு மட்டும் இரண்டு நடை அடித்தேன். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பின் சீட்டை மடக்கினால் ஏறிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரு சிவப்புத் துணி கட்டினால் போதும். எடைதான் விஷயம். எடை வண்டியின் காதில் விழக் கூடாது.

அதற்காகச் சில ஒழுங்குகள் உண்டு. சுமை, பாரம், கனம், டன் ஆகிய சொற்களை வண்டிப் பக்கத்தில் சொல்லக் கூடாது. ஏற்றும்போது முக்கக் கூடாது. வேர்வையைத் துடைத்தே தீர வேண்டுமென்றால் வெயிலைத் திட்டிக்கொண்டு துடைக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் அப்பாடா என்று உட்காரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு டிபன் கேரியரையும் ஒரு பந்தையும் வைத்து, எல்லாரும் ஏறியாச்சா, போலாமா என்று உற்சாகமாகக் கேட்க வேண்டும். வண்டி சுற்றுலா என்று நம்பிவிடும்.

நான் இயல்பிலேயே பயந்தவன். மாடிப்படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடமாட்டேன். இந்தத் தொழிலுக்குப் பயந்தவன்தான் லாயக்கு. தைரியசாலிகள் நான்கு பேர் எனக்கு முன்பு இதில் இருந்தார்கள். ஒருவர் பழனி சாலையில் ஒரு மேட்டில் வைத்து, எம்மாங்கனத்தை இழுக்குது பார் என் சிங்கம் என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். அந்த இடத்தில் இப்போது ஒரு குட்டை இருக்கிறது.

போன ஆவணியில் நாச்சிமுத்து என்னைத் தேடி வந்தார். செம்மாண்டம்பாளையத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரட்டை மலைமேல் சோலைமட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கரடு என்றால் எங்கள் பக்கத்துக் கல்லுக்குன்றுதான். ஐந்து ஏக்கர், உச்சியில் ஒரு வெப்பாலை மரம்.

யாருக்கு என்று கேட்டேன். தங்கச்சிக்கு என்றார். 

தங்கையின் பெயர் பாவாயி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கல்யாணத்தில், சபையில் வைத்து, அவர்களுடைய அப்பா அந்தக் கரட்டைத் தாய்வீட்டுச் சீராக அறிவித்தார். மழை முடிந்ததும் அனுப்பி வைக்கிறேன் என்றார். மழை முடிவதற்குள் அவர் போய்விட்டார். கடமை நாச்சிமுத்துவின் தலையில் விழுந்தது. முதல் வருடம் அவருக்கு வண்டி அமையவில்லை. இரண்டாம் வருடம் பார்க்கலாம் என்று இருந்தார். மூன்றாம் வருடம் இவ்வளவு தாமதமாக எப்படி அனுப்புவது என்று வெட்கமாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வெட்கம் ஒரு வயது கூடியது. பாவாயி பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது பாவாயியின் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், ஒருவர் மூலமாகப் பாவாயி சொல்லி அனுப்பியிருந்தாள். கரட்டோடு வந்தால் அண்ணன். இல்லாவிட்டால் என் மகளுக்குத் தாய்மாமனே கிடையாது. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு ஏற்ற என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஒருவரைச் சொல்லி வைத்திருக்கிறேன், பதினோரு மணி வரைக்கும் பார்ப்பேன். அவ்வளவுதான் செய்தி.

“அந்தப் புள்ளையை நான் பாத்ததே இல்லீங்” என்றார் நாச்சிமுத்து. “கை புடிச்சு ஒருதடவை ஏத்தி உட்டரோணுமுங். அப்பறம் தங்கச்சி பேசாட்டியும் பரவால்லீங், போச்சாதுங்.”

ஒழுங்குகளை அவருக்கு மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நன்றாகத் தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் ஏற்றினோம். என் ஆட்கள் நான்கு பேரும் நான்கு மூலையில் பிடித்து, முந்தின நாள் நடந்த கபடிப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே தூக்கினார்கள். யாரும் மூச்சு வாங்கவில்லை. கரட்டின் மேல் இரண்டு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. விரட்டினால் சத்தம் வரும் என்பதால் விட்டுவிட்டோம். வெப்பாலைக் கிளை பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சிவப்புத் துணி கட்டினேன். வண்டி பின்பக்கம் இரண்டு விரற்கடை தணிந்தது. நாலு பெரியவர்கள் ஏறினால் தணியுமே, அந்த அளவு. கரடு இருந்த இடத்தில் ஈரமான சிவப்பு மண்ணும் கொஞ்சம் பூரான்களும் இருந்தன. நாச்சிமுத்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். எல்லாரும் ஏறியாச்சா, போலாமா என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

சமவெளியில் பிரச்சினை இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குச் சமவெளியிலும் பிரச்சினைதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் சக்கரமாக ஏற்றி இறக்கினேன். டீ குடிக்க நிறுத்தினால் லாரிகள் இல்லாத கடையாகப் பார்க்க வேண்டும். லாரிகள் பக்கத்தில் வந்து நின்றால் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விடும். பார்வையே போதும், வண்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். நாச்சிமுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊட்டிக்குப் போகிறவர்கள் பின்னால் பார்ப்பார்களா அண்ணா, ஜன்னல் வழியாகப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் தெரிந்த கரட்டைப் பார்த்தார்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காவலர் ஒரு பெண். நோட்டோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கரட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ஆடுகளை எண்ணினார்.  வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன லோடு, எவ்வளவு என்று அவர் கேட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

பிளாஸ்டிக் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு தண்ணீர் பாட்டிலும் முறுக்கு வைத்திருந்த கவரும் இருந்தன. வாங்கிக்கொண்டார். மலைமேல் குப்பை போடக் கூடாது என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லி, நோட்டில் ‘சீர்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டையைத் தூக்கினார்.

மலைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய மஞ்சள் பலகை இருக்கும். நான் எண்களை மனதுக்குள் சொல்லிக்கொள்வதில்லை, உதடு அசைந்தால்கூட வண்டி கவனிக்கும். எட்டாவது வளைவில் எஞ்சின் சூடு கொஞ்சம் ஏறியது. பதினோராவதில் நாச்சிமுத்து நீளமாக ஒரு மூச்சு விட்டு, “மனசெல்லாம் ஒரே…” என்று ஆரம்பித்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே மறு கையால் அவர் வாயைப் பொத்தினேன்.

“ஒரே குஷியா இருக்குதுன்னு சொல்லுங்ண்ணா.”

“ஒரே குஷியா இருக்குதுங்” என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. வண்டி தயங்கிவிட்டு ஏறியது.

பத்தொன்பதாவது வளைவு தாண்டும்போது நாச்சிமுத்து மணி பார்த்தார். நேரமிருக்கிறது, மைக்கில் சொல்வதற்குள் போய்விடலாம் என்றார்.

மைக் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வளைவில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கம்பி போட்ட இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பதடி தள்ளிப் போய் நின்றேன். மைக்கில் என்ன சொல்லப் போகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சீர் மண்டபத்துக்குள் நுழையும்போது இத்தனை தட்டு, இத்தனை பவுன், இத்தனை மூட்டை அரிசி என்று மைக்கில் வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாசிக்காத சீர் கொடுக்காத சீர்தான். ஆகவே, கல் கிரஷரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டிவந்து, மூன்று நாள் டேப் பிடித்து அளந்து, கணக்குப் போட்டு, எடையைத் தன் கைப்படத் துண்டுச் சீட்டில் எழுதி, வெற்றிலை பாக்கோடு மைக்காரர் கரிவரதனுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார். வண்டிப் பக்கத்தில்தானே சொல்லக் கூடாது என்றீர்கள், நான் பஸ்ஸில்தான் கொடுத்தனுப்பினேன் என்றார்.

“இருவத்திரண்டு வருசம் தலையைக் குனிஞ்சே நடந்துட்டனுங். ஒரு தடவை நிமுந்து நடக்கலாம்னு தோணுச்சுங்.”

அவரைத் திட்ட நினைத்தேன், முடியவில்லை. என் மாமனார் வீட்டுக்கு நான் கொண்டுபோன ஒரு பித்தளை அண்டாவை மைக்கில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னவன் நான்.

இருபத்துநான்காவது வளைவுவரை போனில் சிக்னல் வரவில்லை. வந்ததும் கரிவரதனை அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் போன் மணி எப்படிக் கேட்கும்? மண்டபத்தின் பின்வாசலில், சமையல்கட்டு வழியாகப் போய்விடலாம் என்று யோசனை சொன்னேன். நாச்சிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொடக்காளி வழியாக நுழைவதற்குச் சீர் என்ன திருட்டுச் சாமானா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பத்து இருபதுக்குச் சோலைமட்டம் வந்து சேர்ந்தோம். மண்டபத்துக்கு முன்னூறடி இருக்கும்போதே, தெருமுனைக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்து மண்டபம் தெரியாது. மண்டபத்திலிருந்தும் வண்டி தெரியாது. நாச்சிமுத்து நடந்து போய்க் கரிவரதனிடமிருந்து சீட்டை வாங்கிக் கிழித்துவிட வேண்டும், பிறகு நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன் என்று ஏற்பாடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாங்கள் இருவரும் ஒன்றை யோசிக்கவில்லை. தாய்மாமன் தனியாக வரமாட்டான். தாய்மாமன் முகம் தெருவில் தெரிந்தால் சீரும் கூடவே வருகிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அர்த்தம். கரிவரதன் மொட்டைமாடியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். வெள்ளை வேட்டியில் நாச்சிமுத்து ஓடி வருவதைப் பார்த்ததும் சீட்டை எடுத்திருக்கிறார்.

குழாய் ஒலிபெருக்கிகளை மண்டபத்திலிருந்து பஸ் நிலையம்வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தார்கள். ஒன்று என் தலைக்கு மேலேயே இருந்தது.

“செம்மாண்டம்பாளையம் நாச்சிமுத்து அவர்கள், மணமகள் சிந்துஜாவுக்குத் தாய்மாமன் சீராக, கரடு ஒன்று, எடை தொண்ணூற்று ஆறாயிரத்து நானூறு டன்.”

வண்டி அசையவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். மைக்காரர்கள் எதையும் இரண்டு முறை வாசிப்பார்கள். இரண்டாவது முறை வாசித்ததும் அதற்குப் புரிந்துவிட்டது.

பின்பக்கம் மெதுவாக இறங்கியது. பம்பர் தாரில் பட்டது. தார் வளைந்துகொடுத்தது. டீக்கடையின் கண்ணாடி கிளாசுகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன. பிறகு பெஞ்சும் அதில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் வந்தார்கள். பஸ் நிலையத்தில் நின்றிருந்த பஸ் ஒன்று தானாகப் பின்னால் உருண்டு, கடை வாசலில் நின்றது. தெரு முழுவதும் எங்களை நோக்கிச் சாய்ந்துவிட்டது. கடைக்காரர் பாலைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, இன்னும் இறங்குமா என்று கேட்டார்.

நான் பானெட்டைத் தடவி, அது வேற வண்டியைச் சொல்றாங்க, உன்னை இல்லை என்றேன். வண்டி கேட்கவில்லை. பதினான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் காலையில் இதே குரலில்தான் அதனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று ஒரே நொடியில் எல்லாம் அதற்கு வெளிச்சமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரரும் பெஞ்சிலிருந்தவர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள், ஒண்ணுமில்லை, காலி வண்டிதான் என்றார்கள். ஆனால் சரிந்த பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டே சொன்னதால் முக்கிவிட்டார்கள். வண்டி இன்னொரு விரற்கடை இறங்கியது.

நாச்சிமுத்து திரும்பி வந்தார். பின்னால் அருமைக்காரர் வந்தார். கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கிற பெரியவர் அவர், கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மணி பத்து முப்பத்தெட்டு. அவர்களுக்குப் பின்னால் பட்டுப் புடவையில் பாவாயியும் அவளுடைய புகுந்தவீட்டுப் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள்.

பாவாயி அண்ணனைப் பார்க்கவில்லை. கரட்டைத்தான் பார்த்தாள். அடிவாரத்திலிருந்து ஆரம்பித்து, கண்ணால் ஏறி, வெப்பாலை மரத்தில் போய் நின்றாள். 

“எத்தாச்சோடு” என்றாள்.

எவ்வளவு பெரிது என்று அர்த்தம். மனதாரச் சொன்னாள். வண்டி ஒரு சாண் இறங்கியது.

நான் ஓடிப் போய், அம்மிணி, தயவுசெய்து சந்தோஷப்படாதீங்க என்றேன். நாற்பதடி தள்ளிக் கூட்டிப்போய் விவரம் சொன்னேன். எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்திருந்தது. சீர் வந்ததும் வாங்குகிற வீட்டுப் பெண்கள் தட்டுகளைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவது எந்தக் கல்யாணத்திலும் உண்டு. யாராவது அப்படிச் சொன்னால் வண்டி அதையும் நம்பிவிடும், எழுந்துவிடும். புகுந்தவீட்டுப் பெண்கள் மூவரும் இதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள். உடனே முன்னால் போய், இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம், எங்க ஊர்ல சின்னப் பசங்க விளையாடற கல்லு இதைவிடப் பெருசு என்று அழகாகச் சொன்னார்கள். வண்டி ஒரு விரற்கடை எழுந்தது, யோசித்தது, மறுபடி உட்கார்ந்துகொண்டது. எந்தச் சீருக்கும் இவர்கள் இதைத்தான் சொல்வார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல.

பாவாயி சொன்னால்தான் எடுபடும். இருபத்திரண்டு வருடம் அதற்காகக் காத்திருந்தவள் அவள்தான். அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

“எனக்குப் பொய் வராதுங்” என்றாள் என்னிடம். “எத்தனை தடவை கனாக் கண்டிருக்கேன் தெரியுங்களா இதை.”

வண்டி இன்னும் இறங்கியது. மணி பத்து ஐம்பத்திரண்டு. அருமைக்காரர் தெருமுனைவரை போய் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சொல்லி வைத்திருந்த அந்த இன்னொரு ஆள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறார் என்று சொன்னார். நாச்சிமுத்து அதுவரை தலையைக் குனிந்துகொண்டு வண்டியின் மட்கார்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். தூக்கிவிடலாம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அவர் நிமிர்ந்து, தங்கையைப் பார்த்து, அன்றைக்கு யாருமே சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னார்.

“நீ ஒரு வார்த்தை எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமல்ல அம்மிணி. கேட்டிருந்தா அடுத்த வாரமே அனுப்பிச்சிருப்பேன்.”

வேண்டுமென்றே சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பாவாயி மெல்லத் திரும்பி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான் கேக்கோணுமா? ஏண்ணா, நான் வந்து கேக்கோணுமாக்கு?”

அங்கிருந்து ஆரம்பித்தாள். தாலி ஏறிய மூன்றாம் மாதத்திலிருந்து வரிசையாகச் சொன்னாள். தீபாவளிக்குத் தீபாவளி வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினது. சிந்துஜா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாய்வீட்டு ஆள் யார் என்று நர்ஸ் கேட்டதற்குப் பக்கத்துக் கட்டில்காரியைக் காட்டினது. நாச்சிமுத்து மலைமேல் வேறொரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு, இவள் வீட்டைத் தாண்டிக்கொண்டே திரும்பிப் போனது. 

“இதென்ன சீரு? இது சீரே இல்லண்ணா. வெறுங்கையை வீசிட்டு வந்திருக்கே நீ.”

இது உண்மை. அவள் மனதில் அப்போது இருந்தது அதுதான். வண்டி அதை அப்படியே நம்பியது. பம்பர் தாரை விட்டுக் கிளம்பியது. பின்பக்கம் உயர்ந்து, காலி வண்டிக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நின்றது. கிளாசுகள் கடைக்குள் திரும்பின. பஸ் தன் இடத்துக்குப் போனது. நான் பாய்ந்து ஏறி முதல் கியரைப் போட்டேன். போதும் அம்மிணி என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். அருமைக்காரரும் காட்டினார்.

அவள் நிறுத்தவில்லை.

“வெறுங்கையோட வந்திருந்தாக்கூடப் பரவால்லயே. எனக்குன்னு இருந்த ஒரு அண்ணனையும் நீயே எடுத்துட்டுப் போயிட்டியே. இன்னிக்கும் எதையோ எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கே.”

காலியைவிடக் குறைவாகத்தான் தன்னிடம் இருக்கிறது என்று வண்டி புரிந்துகொண்டது. நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையை விட்டன.

மேலே போகும்போது நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, ஒவ்வொரு ஏச்சுக்கும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு எந்த மனிதரும் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பாவாயி ஒவ்வொரு வாக்கியத்திலும் அவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கோ உயிர் கையில் இல்லை. மேலே போனால் பிரேக் பிடித்துப் பயனில்லை. மின்கம்பிகளுக்குக் கீழே புகுந்து, தெருமுனையில் திரும்பி, வாழைமரம் கட்டிய வாசலுக்கு மேலாக வண்டி மண்டபத்து வளாகத்துக்குள் மிதந்து போனது. ஆடுகள் போகிறபோக்கில் மாவிலைத் தோரணத்தை மேய்ந்தன. இது சீர் வந்து சேர்ந்ததாக ஆகுமா என்று வாசலில் ஒரு பேச்சு எழுந்தது. அருமைக்காரர் அண்ணாந்து பார்த்து, கடிகாரத்தையும் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. வாசலைத் தாண்டினால் வந்ததுதான், இறங்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை என்றார். தலைப்பாகை கட்டியிருந்தவர் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சிந்துஜாவின் கையைப் பிடித்து நாச்சிமுத்து வளாகத்துப் பந்தலில் போட்டிருந்த மணவறைக்கு ஏற்றினார். பெண் அவரை நிமிர்ந்து பார்த்து, மாமா என்று கூப்பிட்டது மேலேயிருந்த எனக்கும் கேட்டது.  கெட்டிமேளம் கொட்டினார்கள். நான் ஜன்னல் வழியாக அட்சதை போட்டேன், பாதி பந்தலின் தென்னை ஓலையில் தங்கிவிட்டது. பாவாயி அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்று, தாலி ஏறும்போதும் அவர் காதில் மெதுவாகத் திட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக ஒன்றை அவள் நினைவுபடுத்தும்போதெல்லாம் நான் ஒரு முழம் உயர்ந்தேன்.

முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்தியில் எனக்குச் சாப்பாடு வந்தது. பரிமாறுகிறவர் இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி ஏறிவந்து, பானெட்டில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சாம்பார் கொஞ்சம் போதும் என்றேன். கீழே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே இலை வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தம்மா இன்னும் பதினோராவது வருடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்றார்.

நான் வலதுபக்கம் திரும்பினேன். இரண்டு தெரு தள்ளி இன்னொரு மண்டபம். அதன் கூரைக்கு மேல், ஏறக்குறைய என் உயரத்திலேயே, ஒரு பச்சை நிற ஸ்டேஷன் வேகன் நின்றிருந்தது. பின்கதவு வழியாக ஒரு முழு அரிசி ஆலை, புகைபோக்கியோடு வெளியே தெரிந்தது. ஓட்டுநர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடத்துப் பாக்கி என்று கையால் கேட்டேன். பத்து விரலையும் மூன்று முறை காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். நான் தலையாட்டிவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தேன்.